விசாரிக்க வந்தவரிடம் நான் சொன்னது

ஒரு தெலுங்குப் படம் பார்த்தேன். ஆறு வாரம் ஆகிறது.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இதை விமர்சனம் என்று நினைத்துக்கொண்டு, பாட்டு எப்படி, சண்டை எத்தனை என்று கேட்டுக் கடிதம் போடுவீர்கள். சண்டை இரண்டு. பாட்டு ஐந்து. போதுமா?

திருத்தணியில் தெலுங்குப் படம் பார்க்கத் தெலுங்கு தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தியேட்டரில் பாதிப் பேருக்கு அது வீட்டு பாஷை. மீதிப் பேருக்குப் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லிவிடுவார், கேட்காமலே. நானும் என் மனைவி சரோஜாவும் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குப் போனோம். மொத்தம் அறுபத்து மூன்று பேர். மின்விசிறி பதினெட்டு. ஓடியது பதினொன்று.

எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. புள்ளியியல் துறையில் முப்பத்தாறு வருஷம் - நெல்லும் கரும்பும் எத்தனை ஏக்கரில் நிற்கிறது என்று வயல் வயலாகப் போய்க் கணக்கெடுத்தவன். ரிட்டயர் ஆனது ஆபீஸிலிருந்துதான்.

படத்தின் கதை சுருக்கமாக: ஒரு பையன், ஒரு பெண், காதல். அந்தப் பெண்ணை முன்பு ஒருவன் பலாத்காரம் செய்திருக்கிறான். அதை அவளே காதலனிடம் சொல்கிறாள். அவன் அவள் கையை விடவில்லை. ஊர் சும்மா விடுமா? கல்யாண மண்டபத்தில் யாரோ விஷயத்தைப் போட்டு உடைக்கிறார்கள். சொந்தக்காரர்கள் எழுந்து போகிறார்கள். அப்போது ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் - என் வயசு, என் வழுக்கை - நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து பேசுகிறார். ஏழு நிமிஷம். தப்பு செய்தவன் நிமிர்ந்து நடக்கிறான், இவள் ஏன் குனிய வேண்டும் என்ற தினுசில். வாசல் வரை போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உட்காருகிறார்கள். தாலி ஏறுகிறது.

தியேட்டரில் நான்கு முறை கைதட்டல். சரோஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முன் வரிசைக்காரர் மூக்கைச் சிந்தினார். நான்? நான் போஸ்ட்மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேஷத்தை அவரைவிட நான் நன்றாகச் செய்திருப்பேன் என்று தோன்றியது...

இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் தோன்றியது அதுதான்.

மூன்றே நாளில், புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு, அந்த வேஷம் என் வீட்டு வாசலுக்கு வந்தது.

அதற்கு முன் பார்கவியைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். பதினாலாவது வீட்டில் அவளும் அவள் அப்பா மாணிக்கமும் இருக்கிறார்கள். அம்மா இல்லை. அவளுக்கு அரக்கோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. காலை ரயிலுக்குப் போகும் முன், தெருவில் என்னைப் போன்ற சர்க்கரைக் கிழவர்கள் நான்கு பேருக்கு மாதம் ஒரு தரம் ரத்தம் எடுத்துக்கொண்டு போவாள். ஒரே குத்து. இரண்டாவது குத்து எனக்கு நினைவிலேயே இல்லை.

மாணிக்கம் அம்மையார்குப்பத்து நெசவுக்காரர். ஆறு வருஷத்துக்கு முன், வெளியூரில் வேலைக்குப் போன இடத்தில், பார்கவிக்கு அது நடந்தது. என்ன நடந்தது என்று நான் எழுதமாட்டேன். ஊரில் ஜன்னல்கள் சாத்தப்பட்டன. அதைத் தாங்க முடியாமல்தான் மாணிக்கம் தறியை விற்றுவிட்டு மகளோடு எங்கள் தெருவுக்கு வந்தார். கேஸ் நடந்தது. முப்பத்தோரு வாய்தா. மனு எழுதிக் கொடுத்தது நான். ஒன்பது தரம் அப்பாவுக்கும் மகளுக்கும் துணையாகக் கோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்ததும் நான். அந்த ஆள் இப்போது ஜெயிலில் இருக்கிறான்.

இருபத்திரண்டு வீட்டில் இந்த விஷயம் தெரிந்தது ஒரே வீட்டுக்கு. எங்கள் வீட்டுக்கு.

லேபில்தான் முரளி அறிமுகமானான். மணவூர்ப் பையன். தன் அம்மாவை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வந்தவன், பிறகு அம்மா இல்லாமலும் வர ஆரம்பித்தான். பார்கவி முதல் மாதத்திலேயே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் போய்விடவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பேச்சு கல்யாணம் வரை வந்தது. தை மாதம், மலைமேல் முருகன் சந்நிதியில் என்று முடிவாயிற்று. மாணிக்கம் சந்தோஷத்தோடு என்னிடம் ஓடி வந்தார். “பையனுக்கு எல்லாம் தெரியும் சார், தெரிஞ்சிதான் கேக்கறான்” என்றார்.

இனி புதன்கிழமை.

பெண் எடுக்கும் முன் விசாரிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். எல்லாம் முடிவான பிறகும் விசாரிப்பார்கள். டீக்கடையில் கேட்பார்கள். பக்கத்து வீட்டில் கேட்பார்கள். கடைசியாக, ‘படிச்ச பெரியவர் யாராவது’ இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். எல்லாத் தெருவிலும் அப்படி ஒருத்தர் மாட்டுவார். எங்கள் தெருவில் நான்.

வந்தவர் முரளியின் சித்தப்பா, தாமோதரன். முரளிக்கு அப்பா இல்லாததால் இவர்தான் பெரிய மனிதர்.

“பதினாலாம் நம்பர் வூட்டுப் பொண்ண எங்க அண்ணன் பையனுக்குப் பாத்துக்கினு இருக்கோம் சார். நீங்க படிச்சவரு, பத்திரிகைல எழுதறவருன்னு சொன்னாங்க. நீங்க சொன்னா கரெக்டா இருக்கும்.”

பத்திரிகையில் எழுதுகிறவர்! என்னைக் கவிழ்க்க அது ஒன்று போதாதா?

சரோஜா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். “தங்கமான குடும்பம்ங்க. அந்தப் பொண்ணு இருக்கற எடம் தெரியாது” என்று சொல்லிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாமல் நாற்பத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்தவில்லை. தெரிந்துதான் பேசினேன்.

என் கணக்கு இப்படி ஓடியது: பையனுக்குத் தெரியும். பையனுக்குத் தெரிந்தது சித்தப்பாவுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் ஆழம் பார்க்கிறார். நான் பூசி மெழுகினால் அந்தப் பெண் ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி ஆகாதா? இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டாமா? போஸ்ட்மாஸ்டர் அப்படித்தானே...

“அவள மாதிரி ஒரு தைரியசாலிய நான் பார்த்ததே இல்ல” என்று ஆரம்பித்தேன். “முப்பத்தோரு வாய்தா! ஒண்ணு விடாம போய் நின்னா. அவனை உள்ளே தள்ளிட்டுத்தான் மறுவேலை பார்த்தா. இப்படி ஒரு பொண்ணு வர்றதுக்கு நீங்க கொடுத்து வெச்சிருக்கணும்.”

தாமோதரன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“இன்னா கேஸ் சார்?”

அங்கேயாவது நான் நின்றிருக்கலாம். ஏதோ சொத்துத் தகராறு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வயசாயிற்று, வேறு யாரையோ நினைத்துக்கொண்டேன் என்று உளறியிருக்கலாம். என் வயதில் அதை யாரும் நம்புவார்கள். ஆனால் பாதிப் பேச்சில் உட்கார எந்த போஸ்ட்மாஸ்டருக்கு மனசு வரும்?

சொன்னேன். ஐந்து நிமிஷம் இருக்கும்.

அவர் “ஆங்... ஆங்...” என்று கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்து இரண்டு கையும் கூப்பினார்.

“ரொம்ப தேங்க்ஸ் சார். எத்தினியோ பேர கேட்டேன், ஒருத்தரும் வாயத் தொறக்கல. நீங்கதான் உள்ளத உள்ளபடி சொன்னீங்க.”

டீயில் பாதி அப்படியே இருந்தது.

சரோஜா வாசற்படியில் நின்றிருந்தாள்.

“நல்லவங்கன்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்ப வேண்டியதுதான? கேஸ் நடத்தச் சொல்லி உங்கள யாருங்க கேட்டாங்க?”

“உண்மையைத்தான் சொன்னேன்.”

“அது உங்க உண்மையா?”

பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன். அதை ஏற்கெனவே படித்து முடித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாணிக்கம் வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வேணாம்னுட்டாங்க சார்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டே போனார்.

“எங்க ஊரு அம்மையார்குப்பத்துலயும் போயி விசாரிச்சிருக்காரு சார், அந்த சித்தப்பா. ஏழு வூடு. ஏழு வூட்லயும் ஒரே பேச்சு. பொண்ணு தங்கம், கண்ண மூடிக்கினு எடுங்கன்னு. அந்த ஏழுல ரெண்டு வூட்டுக்காரங்க, அந்த விஷயத்துக்கு அப்பறம் எங்களாண்ட பேசறதே கெடையாது. எதிர்ல வந்தாகூட தலைய திருப்பிக்குவாங்க. அவங்களும் சொல்லல சார்.”

வாசல் பக்கம் திரும்பினார்.

“நீங்க எங்களுக்கு எவ்ளோ செஞ்சிருக்கீங்க. அதான் உங்கள ஒண்ணும் கேக்க முடியல.”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஏழு வீடு. நான் அந்த எண்ணிலேயே இரண்டு நாள் சிக்கிக்கிடந்தேன். ஜன்னலைச் சாத்தி அவர்களை ஊரைவிட்டு விரட்டியவர்கள் அவர்கள்தான். அதை மறக்கவில்லை. ஆனால் தங்கள் தறித் தெருவில் பிறந்த பெண்ணைப் பற்றி, பெண் கேட்டு வந்த வெளியாளிடம் ஒரு சொல் குறைத்துப் பேசுவதில்லை - அது அங்கே எழுதாத கட்டுப்பாடு. அது வெட்கத்தால் வந்த மௌனமா, இரக்கத்தால் வந்ததா? எனக்குத் தெரியவில்லை. மறைப்பதுதான் முதல் குற்றம் என்று இதே பக்கத்தில் நான் இரண்டு தரம் எழுதியிருக்கிறேன். நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். தூற்றிய ஏழு வீட்டுக்காரர்கள் அவள் கல்யாணத்தைக் காப்பாற்றப் பார்த்தார்கள். புகழ்ந்தவன் ஒருவன் கெடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மணவூருக்குக் கிளம்பினேன். “போவாதீங்க” என்றாள் சரோஜா. “போயி இன்னும் நாலு பேருக்குச் சொல்லிட்டு வரப் போறீங்க.”

போனேன். அரக்கோணத்தில் வண்டி மாறி, திருவாலங்காட்டுக்கு அடுத்த ஸ்டேஷனில் இறங்கினேன். வழியெல்லாம் பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். குறிப்பெடுத்துக்கூட வைத்திருந்தேன். பதினொரு குறிப்பு.

முரளியின் அம்மா கதவைத் திறந்தார். “வாங்க சார், உங்க பக்கத்த வாராவாரம் படிப்பேன்” என்றார். அந்த நிலைமையிலும் எனக்கு அது இனித்தது. என்ன ஜென்மம் பாருங்கள்.

முதல் குறிப்பை ஆரம்பித்தேன். பெண்ணின் மேல் தப்பில்லை, சமூகம்தான்... அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எனக்குத் தெரியும் சார். முரளி ரெண்டு வருஷம் முன்னாடியே என்னாண்ட சொல்ட்டான். ரெண்டு நாள் அழுதேன். அப்பறம் அந்தப் பொண்ணாண்டயே போயி கைய நீட்டினேன், ரத்தம் எடுக்கச் சொல்லி. எடுத்துச்சி. என் கைதான் நடுங்குச்சி, அதோட கை நடுங்கல. இவதான் என் மருமகள்னு அன்னிக்கே முடிவு பண்ணேன்.”

“அப்புறம் ஏம்மா வேண்டாம்னு சொன்னீங்க?”

“எனக்குத் தெரியும், என் புள்ளைக்குத் தெரியும். அதுல ஒண்ணுமில்ல சார். எனக்குத் தெரியும்னு மத்தவங்களுக்குத் தெரியாம இருந்துச்சி பாருங்க... அந்தத் தெகிரியத்துலதான் நான் இருந்தேன். வியாழக்கெழம ஒரு காதுகுத்து. பதினெட்டு பேர் உக்காந்துகினு இருக்காங்க. அங்க வெச்சி என் கொழுந்தன் கேக்கறாரு - ‘அண்ணி, இது உனக்கு முன்னாடியே தெரியுமா?’ன்னு. எல்லாரும் என் வாயவே பாக்கறாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“தெரியாதுன்னு சொல்ட்டேன்.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“தெரியாதுன்னு சொன்னதுக்கப்பறம், தெரிஞ்சும் கட்டுவேன்னு எப்படிச் சொல்றது? நீங்க இருந்தா இன்னா சார் சொல்லியிருப்பீங்க?”

உள் அறை வாசலில் முரளி நின்றுகொண்டிருந்தான். போனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தான். படமாக இருந்தால் இந்த இடத்தில் அவன் முன்னால் வந்து ஏதாவது சொல்ல வேண்டும். பின்னணி இசை கிளம்ப வேண்டும். மணவூரில் ஒரு கூட்ஸ் வண்டி போயிற்று. ஐம்பத்தெட்டு பெட்டி. 

“கொஞ்ச நாள் போவட்டும் சார்” என்றான் முரளி. “எல்லாம் அடங்கட்டும். பார்கவியாண்டயும் அதான் சொல்லியிருக்கேன்.”

என் சட்டைப்பையில் மீதிப் பத்துக் குறிப்புகள் அப்படியே இருந்தன. அடுத்து வந்த வண்டியிலேயே திரும்பினேன்.

யோசித்துப் பார்க்கிறேன். களங்கம், களங்கம் என்கிறோமே - அது எங்கே இருக்கிறது? கெட்டவர்கள் மனசில் இருக்கிறது என்று படங்கள் சொல்கின்றன. அந்த அம்மா கெட்டவர் இல்லை. முரளி கெட்டவன் இல்லை. தனித்தனியாக நான்கு சுவருக்குள் கேட்டால் எல்லோரும் நல்லவர்கள். பதினெட்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அந்தப் பதினெட்டில் ஒரு நல்லவர்கூட மிஞ்சுவதில்லை. தியேட்டர் இருட்டில் மட்டும் கைதட்டுகிறோம். பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது, நம் முகமும் தெரியாது. விளக்குப் போட்டதும் அவரவர் செருப்பைத் தேடுகிறோம்.

இந்த மாதம் பார்கவி வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். ஆறே முக்காலுக்கு. வழக்கம்போல ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தட்டினாள். ஊசி இறங்கியது தெரியவில்லை.

“என்னை மன்னிச்சிடும்மா” என்றேன்.

“கைய மடக்குங்க சார். பஞ்ச அழுத்திப் புடிங்க.”

குழாயில் என் பெயரை எழுதி ஒட்டினாள். பையை மூடினாள். போய்விடுவாள் என்று பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என்னப் பத்தி ரொம்ப பெருமையா பேசினீங்களாம். முரளி சித்தப்பா சொன்னாராம்.”

“ஆமாம்மா. மனசாரத்தான்...”

“அந்தப் பெருமை எனக்கு வேணும்னு உங்களாண்ட கேட்டேனா?”

நான் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன்.

“ஆஸ்பத்திரில கேட்டாங்க, சொன்னேன். போலீஸ் ஸ்டேஷன்ல கேட்டாங்க, சொன்னேன். மாஜிஸ்ட்ரேட்டு கேட்டாரு. கோர்ட்ல அவன் வக்கீல் கேட்டாரு, அன்னிக்கு நீங்களும் இருந்தீங்க. எல்லாம் அடுத்தவங்க கேட்டு நான் சொன்னது. கேக்காம, நானா சொல்லணும்னு சொன்னது ஒரே ஒரு ஆளாண்ட. அந்த ஒண்ணுதான் சார் என்னுது. அதையும் எடுத்துக்கினு போயி நீங்க பேசிட்டீங்க.”

அழவில்லை. குரலும் உயரவில்லை. அரக்கோணம் வண்டிக்கு நேரமாயிற்றா என்று வாட்சைப் பார்த்துக்கொண்டாள்.

“கொஞ்ச நாள் போவட்டும்ன்றான். கொஞ்ச நாள்னா எத்தினி நாள் சார்? நீங்கதான எல்லாத்தையும் எண்ணுவீங்க, சொல்லுங்களேன்.”

எனக்குத் தெரியவில்லை. எண்ணத் தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை.

ஆறு வாரமாக இந்தப் பக்கத்தில் மலைக் குரங்குகளைப் பற்றியும், ரயில் தாமதத்தைப் பற்றியும், பேருந்து நிலையத்து டாய்லெட்டைப் பற்றியும் எழுதி ஒப்பேற்றிவிட்டேன். உங்களில் சிலருக்குச் சப்பென்று இருந்திருக்கும். இந்த விஷயத்தை எழுதலாமா என்று யாரைக் கேட்பது? ஒருத்தியைத்தானே கேட்க முடியும்? போன வாரம் பதினாலாம் நம்பர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மாணிக்கம் மகளைப் பார்த்தார். “உன் இஷ்டம்மா” என்றார்.

“எழுதிக் கொண்டாங்க. படிச்சிட்டு சொல்றேன்” என்றாள் அவள்.

வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். பேனாவை வாங்கி இரண்டு பாராவை அடித்தாள். அவை உங்களுக்கு இல்லை. பெயர், வேலை, ஊர் மூன்றையும் மாற்றச் சொன்னாள், மாற்றிவிட்டேன். ஆகவே மணவூரில் போய்த் தேடாதீர்கள். அந்த வீடு அங்கே இல்லை.

காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்: “முரளி அம்மா இத படிப்பாங்களா சார்?”

“வாராவாரம் படிக்கிறதாச் சொன்னாங்கம்மா.”

“அப்ப கடசில ஒண்ணு சேத்துக்குங்க.”

மாணிக்கம் கதவோரம் போய் நின்றுகொண்டார். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். ஒரு எழுத்தும் என்னுடையது இல்லை:

‘அம்மா, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. தை மாசம் முடியற வரைக்கும் இங்கதான் இருப்பேன். அந்தப் பதினெட்டு பேர் முன்னாடி, தெரியும்னு நீங்க சொன்னா வரேன். இல்லன்னா பெங்களூர்ல ஒரு ஆஸ்பத்திரில வேல கெடச்சிருக்கு, போய்டுவேன். முரளிய எனக்கு போன் பண்ண வேணாம்னு சொல்லுங்க.’

இந்தத் தடவை அவள் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.